டீச்சரிடம் கேளுங்கள்: இன்னொரு லண்டன், அதன் மனிதர்கள்

சென்ற இதழில் சர்க்கரை நோய் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இன்சுலினுக்கான யோசனை ஒரு டாக்டருக்குத் தோன்றிய ஊர் கனடாவில் இருக்கும் லண்டன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. படிக்கப் படிக்க வேறு எந்தக் கேள்வியையும் எடுக்க மனம் வரவில்லை. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அந்த ஊரும் அதன் மனிதர்களும்தான்.

இன்சுலின் டொரண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது என்று என் மகள் படிக்கிறாள். நீங்கள் லண்டன் என்கிறீர்கள். அந்த டாக்டர் உண்மையில் எந்த ஊர்க்காரர்? அவளுக்கு நான் என்ன சொல்ல, டீச்சர்?
— ஒரு தந்தை, உசிலம்பட்டி

இரண்டும் சரி என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்லுங்கள். இதில் ஊர் இரண்டல்ல, மூன்று.

ஃபிரெடரிக் பான்டிங் 1891 நவம்பர் 14 அன்று ஒன்டாரியோ மாகாணத்தில் அல்லிஸ்டன் என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு பண்ணையில் பிறந்தார். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் போய்க் கையில் காயம்பட்டுத் திரும்பினார். டொரண்டோவில் நினைத்த வேலை அமையவில்லை. 1920 ஜூலையில் லண்டனில் ஒரு வீட்டை வாங்கி வாசலில் பெயர்ப் பலகை மாட்டினார். ஒருத்தரும் வரவில்லை. முதல் நோயாளி படியேற ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்து மொத்த வருமானம் 4 டாலர். கைச்செலவுக்காக அந்த ஊர் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மணிக்கு 2 டாலருக்குப் பாடம் நடத்தப் போனார்.

அக்டோபர் 30, சனிக்கிழமை இரவு. திங்கட்கிழமை வகுப்பில் உடம்பு சர்க்கரையை எப்படிச் செலவழிக்கிறது என்று சொல்லித் தர வேண்டும். அவருக்கு அதில் பழக்கம் கிடையாது. அவர் எலும்பு அறுவை சிகிச்சைக்காரர். அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. கணையத்திலிருந்து செரிமான நீர் வெளியேறும் குழாய் கல்லால் அடைபட்டுப் போன ஒரு நோயாளியைப் பற்றியது. குழாய் அடைபட்டதும் செரிமான நீர் சுரக்கும் செல்கள் வாடிவிட்டன. நடுவில் தீவு தீவாக இருக்கும் வேறு செல்கள் மட்டும் பிழைத்திருந்தன. படித்துவிட்டுப் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவாக்கில் எழுந்து நோட்டில் நாலு வரி எழுதினார்: நாயின் கணையக் குழாயைக் கட்ட வேண்டும், செரிமானச் செல்கள் அழியும்வரை நாயை உயிரோடு வைத்திருக்க வேண்டும், மிச்சமிருக்கும் தீவுகளிலிருந்து, உடம்பின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் சுரப்பைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பில் நோயின் பெயரையே எழுத்துப் பிழையோடுதான் எழுதியிருக்கிறார். பிழைக்காக நோட்டை மூஞ்சியில் வீசுகிற ஆசிரியர்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டு அடுத்த நோட்டைத் திருத்த வேண்டும்.

லண்டனில் அதைச் செய்து பார்க்க வசதி இல்லை. அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் டொரண்டோவுக்குப் போகச் சொன்னார். டொரண்டோவில் மக்லியோட் என்ற பேராசிரியர் ஆய்வுக்கூடமும் நாய்களும் தந்து, சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் உதவிக்கு விட்டார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. 1922 ஜனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. மருந்து சுத்தமாக இல்லாததால் ஒவ்வாமை வந்துவிட்டது. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தம் செய்து கொடுக்க, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். பையன் தேறினான். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியோடுக்கும் கிடைத்தது. பான்டிங் தன் பங்குப் பணத்தைப் பெஸ்டுடனும், மக்லியோட் காலிப்புடனும் பகிர்ந்துகொண்டார்கள். காப்புரிமையை பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் உங்கள் மகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நள்ளிரவு யோசனை, அதாவது குழாயைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது, கடைசியில் தேவைப்படவே இல்லை. மாட்டின் முழுக் கணையத்திலிருந்தே அமிலம் கலந்த ஆல்கஹாலைக் கொண்டு இன்சுலினை எடுக்க முடிந்தது. ஆனால் அந்த யோசனை வந்திருக்காவிட்டால் பான்டிங் டொரண்டோவுக்குக் கிளம்பியே இருக்க மாட்டார். லண்டனின் பங்கு அதுதான். அவர் அந்த ஊரில் ஒரு வருடம்கூட முழுசாக இருக்கவில்லை. இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று சொல்வதை நான் முழு மனசோடு ஒப்புக்கொள்கிறேன். காந்தி மதுரையில் பிறந்தவரா? 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் இடுப்புத் துணிக்கு மாறினார். பான்டிங்கின் அந்த இரவுக்குப் பிறகு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வீட்டைக் காட்டாமல் வெளியூர் விருந்தாளியை நாம் திருப்பி அனுப்புகிறோமா?

டீச்சர், நான் எட்டாவது படிக்கிறேன். எனக்கு ஏழு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறார்கள். பான்டிங் இருந்த வீடு இன்னும் இருக்கிறதா? அங்கே கடிதம் எழுதினால் யாராவது படிப்பார்களா?
— ஒரு மாணவி, வாடிப்பட்டி

இருக்கிறது, கண்ணு. அடிலெய்டு வீதியில் 442ஆம் எண் வீடு. இப்போது அது அருங்காட்சியகம். அவர் படுத்திருந்த அறையை அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க உன்னைப் போல இன்சுலின் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் பான்டிங்குக்குக் கடிதம் எழுதி அங்கே வைக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே ஒரு சுடர் எரிகிறது. 1989இல் இங்கிலாந்து ராணியின் தாயார் ஏற்றி வைத்தது. இந்த நோயை அடியோடு தீர்க்கும் வழி கிடைக்கிற அன்றைக்குத்தான் அதை அணைப்பார்களாம். நீ தமிழிலேயே எழுது, வெட்கப்படாதே.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு என் தம்பி ஞாபகம்தான். எழுபதுகளில் நாங்கள் பேரையூரில் இருந்தோம். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே ஃபிரிட்ஜ் கிடையாது. அப்பா மதுரைக்கு பஸ் ஏறி, மருந்துக் கடையில் புட்டியை வாங்கி, பிளாஸ்கில் ஐஸ் கட்டி போட்டு மடியில் வைத்தபடியே திரும்புவார். அம்மா அதை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவை மண்பானைத் தண்ணீரில் மிதக்க விடுவாள். பானையைச் சுற்றி ஈரச் சாக்கு. சாக்கு காயக் காய அதை நனைப்பது என் வேலை. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் தினமும் ஒரு டபராவில் கொதிக்க வைப்போம். ஊசி மழுங்கிப் போனால் தம்பி வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான். போடும்போது என் சேலை முந்தானையைப் பிடிக்கிற பிடியில்தான் தெரியும். அவனுக்கு இன்றைக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். பான்டிங் பிறந்த நாள் என்பதால் உலக சர்க்கரை நோய் தினமும் அன்றைக்கே. தம்பி வருஷா வருஷம் அன்று காலையில் எனக்குப் போன் பண்ணுவான்.

ஒன்று மட்டும் அம்மாவிடம் சொல்லி வை. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் புட்டியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் அளவு தப்பிவிடும். அப்புறம், பள்ளிக்கூடப் பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். விளையாட்டு ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மறைக்காதே.

என் மகளுக்கு அந்த லண்டனில்தான் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. டொரண்டோ தெரியும், வான்கூவர் தெரியும், இந்த ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சொல்லிக்கொள்ளும்படி அங்கே வேறு யாரும் பிறந்திருக்கிறார்களா?
— ஒரு தாய், திருமங்கலம்

முதலில் வாழ்த்துகள். ஊர் சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. 2021 கணக்கெடுப்பில் 4,22,324 பேர். மதுரையில் பாதிகூட இல்லை. டொரண்டோவிலிருந்து மேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஊர் நடுவே ஓடும் ஆற்றுக்கும் தேம்ஸ் என்றே பெயர். பக்கத்தில் பெரிய ஏரிகள் இருப்பதால் பனி கொட்டும். நல்ல பனிக் காலணியை அங்கே போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே வாங்குவது அந்தக் குளிருக்கு நிற்காது.

ஆட்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு தையல்காரர் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். இத்தாலியிலிருந்து வந்து லண்டனில் தையல் கடை வைத்த ஒருவருக்குப் பாட்டில் பிரியம். தான் பாடினால் பக்கத்தில் வாசிக்க ஆள் வேண்டும் என்று பிள்ளைகளை ஆளுக்கொரு வாத்தியம் படிக்க வைத்தார். கடைக்குப் பின்னால்தான் ஒத்திகை. மூத்தவர் கை லொம்பார்டோ, 1902இல் பிறந்தவர். தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைத்து அமெரிக்கா போனார். 1929இலிருந்து நியூயார்க்கில் புத்தாண்டு இரவென்றால் அவர் குழு வாசிக்க வேண்டும், வானொலியில் நாடே கேட்க வேண்டும் என்று ஆனது. பிறகு தொலைக்காட்சியிலும் அதுவே வழக்கமாகி, எழுபதுகள் வரை தொடர்ந்தது. புதுமண்டபத்தில் சிலைத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடிய நாட்களில் அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? மெஷின் சத்தத்துக்கு மேலே எங்காவது ஒரு பாட்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். லொம்பார்டோவைப் பற்றி முதலில் படித்தபோது அந்த மண்டபம்தான் என் கண்ணுக்குள் வந்தது.

உங்கள் மகள் வயசுப் பிள்ளைகளுக்குப் பிடித்த பெயர் டெஸ்ஸா வெர்ச்சூ. 1989இல் லண்டனில் பிறந்தவர், பனிச்சறுக்கு நடனக்காரி. ஜோடியாக ஆடிய ஸ்காட் மொயரும் 1987இல் பிறந்தது லண்டனில். வளர்ந்தது பக்கத்தில் இல்டர்டன் என்ற கிராமத்தில். 1997இல், அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்பது. பயிற்சியாளராக இருந்த பையனின் அத்தைதான் இரண்டு பேரையும் சேர்த்து ஆட விட்டார். பிள்ளைகள் இருவரும் வெட்கத்தில் பேசிக்கொள்ளவே மாட்டார்களாம். 2010 ஒலிம்பிக்கில் தங்கம், 2014இல் வெள்ளி, 2018இல் மறுபடி தங்கம். குழுப் போட்டிகளையும் சேர்த்தால் ஐந்து பதக்கம். பனிச்சறுக்கு நடனத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் வட அமெரிக்கர்கள் இவர்கள். நடுவில் அந்தப் பெண்ணின் காலில் தசை இறுகி, அடுத்த அடி எடுத்து வைக்க முடியாத வலி. 2008இல் ஒரு அறுவை சிகிச்சை, தங்கம் வாங்கிய 2010இலேயே இன்னொன்று. வெளியூரில் படிக்கப் போகிற எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்ல விரும்பும் கதை இது.

சொந்தக்காரர்கள் அடுத்த தடவை கேட்டால் இந்த இரண்டு பெயரும் போதும்.

ஜஸ்டின் பீபர் அந்த ஊர் என்கிறான் நண்பன். ரையன் காஸ்லிங்கும் என்கிறான். பந்தயம் கட்டியிருக்கிறோம்.
— கல்லூரி மாணவர், அண்ணா நகர், மதுரை

பந்தயத்தில் நண்பர் ஜெயித்துவிட்டார் தம்பி. பீபர் 1994இலும் காஸ்லிங் 1980இலும் லண்டனில் பிறந்தவர்கள். ஆனால் பீபர் வளர்ந்தது ஸ்ட்ராட்ஃபோர்டில், காஸ்லிங் வளர்ந்தது மாகாணத்தின் கிழக்குக் கோடியில் உள்ள கார்ன்வாலில். காஸ்லிங்குடன் ஒரு புகழ்பெற்ற காதல் படத்தில் நடித்த ரேச்சல் மெக்ஆடம்ஸும் 1978இல் லண்டனில் பிறந்தவரே. அவர் வளர்ந்த செயின்ட் தாமஸ் ரொம்பப் பக்கம்.

ஹாலிவுட்டின் வார்னர் சகோதரர்களில் கடைசித் தம்பி ஜாக் வார்னரும் 1892இல் அங்கேதான் பிறந்தார். போலந்திலிருந்து பிழைக்க வந்து ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த குடும்பம் அது. குழந்தைக்கு இரண்டு வயசாகும்போது அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 1927இல் பேசும் படத்தை உலகத்துக்குக் காட்டியது அந்தச் சகோதரர்களின் நிறுவனம். அதற்கு நாலு வருடத்தில் தமிழும் திரையில் பேச ஆரம்பித்தது. டாக்டர் ஹவுஸ் பார்த்திருப்பாய், அந்தத் தொடரை உருவாக்கிய டேவிட் ஷோரும் லண்டன்காரர்.

இவர்களை எல்லாம் நான் பட்டியலில் மேலே வைக்க மாட்டேன். பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததற்கு மேல் இவர்கள் வாழ்க்கையில் அந்த ஊருக்கு அதிகம் வேலை இருக்கவில்லை.

என் மாமியாருக்குக் கழுத்தில் கட்டி வந்து கரண்ட் வைத்தார்கள். கோபால்ட் மெஷின் என்றார்கள். அதுவும் உங்கள் லண்டனில்தான் முதலில் வந்தது என்கிறாரே என் மகன்?
— வாசகி, திருநகர்

மகன் சரியாகச் சொல்லியிருக்கிறார். 1951 அக்டோபர் 27 அன்று லண்டனின் விக்டோரியா மருத்துவமனையில்தான் கோபால்ட்-60 கதிர் வீச்சு முதன்முதலாக ஒரு புற்றுநோயாளிக்குத் தரப்பட்டது. அங்கிருந்த டாக்டர் ஐவன் ஸ்மித்தின் பெயர் இந்தச் சிகிச்சையோடு சேர்ந்தே வரும். கனடாவின் இன்னொரு நடுத்தர ஊரான சஸ்கட்டூனிலும் அதே சமயம் வேறொரு இயந்திரம் தயாராகிக்கொண்டிருந்தது; அங்கே முதல் நோயாளிக்குக் கொடுத்தது நவம்பர் 8. பன்னிரண்டு நாள் வித்தியாசம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், மாமியாருக்குப் பயம் இருந்தால் போகட்டும். சாதாரண கோபால்ட் உலோகத்தை அணு உலைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் அது கதிர் வீசும் கோபால்ட்டாக மாறும். கனடாவில் சாக் ரிவர் என்ற இடத்தில் இருந்த உலையில்தான் அதைச் செய்தார்கள். அந்த உலோகத் துண்டைக் கனமான ஈய உறைக்குள் வைத்து, ஒரு திறப்பின் வழியாகக் கதிரைக் கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் செலுத்துவார்கள். அதற்கு முன் இருந்த எக்ஸ்ரே ஆழத்துக்குப் போகாது, மேல் தோலைச் சுட்டுவிடும். ரேடியமோ கொள்ளை விலை. கோபால்ட் மலிவு, கதிர் ஆழமாகப் போகும், மெஷினும் அடிக்கடி கெடாது. அதனால்தான் நம் ஊர் அரசு மருத்துவமனைகள்வரை வந்து சேர்ந்தது. ஐந்து வருடம் சொச்சத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் உலோகத்தை மாற்ற வேண்டும், அதுதான் அதிலுள்ள தொல்லை. இப்போது வேறு நவீன மெஷின்கள் வந்துவிட்டன.

ஷாக் அடிக்காது, அந்த நேரத்தில் வலியும் இருக்காது. ஆனால் கழுத்துப் பகுதியில் வைத்திருந்தால் வாய் வறளும், முழுங்கச் சிரமமாக இருக்கும். காரம் வேண்டாம். மோரும் குழைந்த சாதமும் கொடுங்கள். பல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாரும் ஊரை விட்டுப் போனவர்களாகவே இருக்கிறார்களே, டீச்சர். அங்கேயே இருந்து பேர் வாங்கியவர் யாரும் இல்லையா? நாங்கள் செல்லூரை விட்டு எங்கேயும் போனதில்லை, அதனால் கேட்கிறேன்.
— தறிக்காரர், செல்லூர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஓவியர்கள்.

கிரெக் கர்னோ 1936இல் லண்டனில் பிறந்தார். டொரண்டோவில் ஓவியக் கல்லூரிக்குப் போனார், தேறவில்லை. 1960இல் திரும்பி வந்தவர் அதன் பிறகு ஊரை விடவே இல்லை. அந்தக் காலத்தில் ஓவியன் என்றால் நியூயார்க்குக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் டொரண்டோவாவது. கர்னோ அதை ஒத்துக்கொள்ளவில்லை. என் தெரு, என் நண்பர்கள், என் சைக்கிள், இதுவே எனக்குப் போதுமான விஷயம் என்று இருந்தார். ஆற்றங்கரைப் பக்கம் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் வீடும் ஓவியக் கூடமும். அதன் ஜன்னலிலிருந்து தெரிந்தது முந்தைய பதிலில் சொன்ன விக்டோரியா மருத்துவமனை. அவர் பிறந்ததும் அதே மருத்துவமனையில்தான். அந்த ஜன்னல் காட்சியை ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய படமாக வரைந்தார். புகைபோக்கியில் புகை வந்தது, ஒரு விமானம் போனது, பறவை போனது என்று ஜன்னலோரம் நின்று கண்டதையெல்லாம் எண் போட்டுக் குறித்து, எண்களைப் படத்தில் அந்தந்த இடத்தில் வைத்தார். வேறு படங்களில் ரப்பர் எழுத்து அச்சை மையில் தோய்த்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி வாக்கியங்களையே படமாக்கினார்.

சைக்கிள்தான் அவர் உயிர். பந்தய சைக்கிள்களை நிஜ அளவிலேயே, ஒவ்வொரு ஸ்போக்ஸும் செயினும் பல்சக்கரமும் தெரியும்படி வரைந்தார். சிலவற்றை ஒட்டுப்பலகையில் வரைந்து அந்த உருவத்துக்கே அறுத்தெடுத்தார். சுவரில் மாட்டினால் யாரோ சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் போலத் தோன்றும். நண்பர்களோடு சேர்ந்து 1965இல் ஒரு இசைக் குழுவும் ஆரம்பித்தார். ஆசிரியர், நூலகர் என்று வேலையில் இருந்தவர்கள். வாத்தியங்களைத் தாங்களே செய்துகொண்டு திங்கட்கிழமை இரவுகளில் கூடி வாசித்தார்கள். கேட்க இனிமையாக இருக்காது, பெரும் இரைச்சல்தான். ஆனாலும் அதைக் கேட்க வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். 1992 நவம்பரில் சைக்கிள் சங்கத்தாரோடு சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வண்டி மோதி கர்னோ இறந்துபோனார். 55 வயது. அவர் படங்கள் இன்று கனடாவின் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னொருவர் ஜாக் சேம்பர்ஸ். 1931இல் பிறந்தவர். இவர் ஊரை விட்டுப் போனவர்தான். ஸ்பெயினில் பல வருடம் இருந்து ஓவியம் படித்தார். 1961இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்தவர், இதுதான் தன் இடம் என்று தங்கிவிட்டார். டொரண்டோவிலிருந்து லண்டனுக்குப் போகிற 401ஆம் நெடுஞ்சாலையை அவர் வரைந்த படம் ரொம்பப் பெயர் பெற்றது. சாலை, இரண்டு பக்கமும் வயல், மேலே வானம், அவ்வளவுதான். நாலுவழிச் சாலையில் விருதுநகர்ப் பக்கமிருந்து வரும்போது கப்பலூரைத் தாண்டியதும் ஊர் வந்துவிட்டது என்று மனசு சொல்லுமே, அது அந்தப் படத்தில் இருக்கிறது.

ஆனால் சேம்பர்ஸைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. 1967 வாக்கில் தேசிய ஓவியக் காட்சியகம் ஓவியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. உங்கள் படங்களைப் பிரதி எடுத்துக்கொள்கிறோம், பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்று. பணம் கிடையாது. அவர் முடியாது என்றார். மற்ற ஓவியர்களுக்கும் எழுதித் திரட்டி, 1968இல் லண்டனிலிருந்தே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். படத்தைப் பொதுவில் காட்டினால் வரைந்தவனுக்குக் கூலி தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அடுத்த வருடமே அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதோடு போராடிக்கொண்டே வரைந்தார், சங்க வேலையும் பார்த்தார். 1978இல் காலமானார். பத்து வருடம் கழித்து, 1988இல், கண்காட்சிக்கான உரிமை கனடாவின் காப்புரிமைச் சட்டத்திலேயே ஏறியது. நெசவுக் கூலிக்காகச் சங்கம் வைத்துப் போராடிய தெருவில் இருக்கும் உங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்து ஆள் யாராவது அங்கே இருந்திருக்கிறார்களா?
— வாசகர், மேலூர்

கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி அறுபதுகளின் கடைசியில் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். 1992இல் புக்கர் பரிசு பெற்றவர். அப்போது அவர் மனைவியாக இருந்த கிம் ஒண்டாச்சியும் ஓவியர். சேம்பர்ஸின் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நம் தமிழ் மக்கள் கனடாவில் பெரும்பாலும் டொரண்டோவைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். லண்டனிலிருந்து ஒரு தமிழ்ப் பெயர் இந்தப் பட்டியலில் ஏறும் நாள் தூரத்தில் இல்லை என்றே நம்புகிறேன்.

டாக்டர், ஓவியர், பாடகர் சரி. ஊருக்கு நல்லது செய்த அரசியல்வாதி ஒருவர்கூடவா இல்லை?
— ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், தோப்பூர்

உங்களுக்கென்றே ஒருவர் இருக்கிறார் ஐயா. ஆடம் பெக். சுருட்டுப் பெட்டி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். 1902இலிருந்து 1904 வரை லண்டன் மேயர். இவரும் பிறந்தது வேறு ஊர்தான். நயாகரா அருவியிலிருந்து எடுக்கும் மின்சாரம் தனியார் முதலாளிகள் கைக்குப் போகக் கூடாது, அடக்க விலைக்கு எல்லா ஊருக்கும் போக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1906இல் ஒன்டாரியோ அரசு மின்வாரியம் அமைத்து அவரையே தலைவராக்கியது. நயாகராவில் இன்றும் ஓடுகிற மின் நிலையங்களுக்கு அவர் பெயர்தான்.

நீங்கள் தோப்பூரில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அவருடைய ஒரே மகளுக்குக் காசநோய் வந்தது. அவரால் உலகத்தின் எந்த மருத்துவரிடமும் அழைத்துப் போக முடிந்தது. அந்த வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கணவனும் மனைவியும் முன்னின்று 1910இல் லண்டனுக்கு வெளியே ஒரு காசநோய் மருத்துவமனையை எழுப்பினார்கள். ஊரைத் தாண்டி, நல்ல காற்று வரும் இடமாகப் பார்த்து. உங்கள் தோப்பூர் ஆஸ்பத்திரியின் வேப்பமர நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தவர்களை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள்.

இதெல்லாம் சரி டீச்சர், நம் மதுரைக்கு இப்படி ஒரு பட்டியல் போடக் கூடாதா?
— வாசகி, தெற்கு மாசி வீதி

போடலாம். போட ஆசையும் இருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் இங்கே பிறந்து, இருபது வயதில் சென்னைக்குப் போனார். பாரதி 1904இல் சேதுபதி பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்தது மூன்று மாதம் சொச்சம்தான். கண் டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். மூட்டு வாதத்தால் விரல்கள் எல்லாம் கோணிப் போயும், அந்த விரல்களாலேயே கண் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். இந்த மூன்று பேரில் ஒருவரைத்தான் முதலில் எழுதலாம் என்றால் எனக்கு டாக்டர் வெங்கடசாமிதான். பிறந்த ஊர் எதுவாக இருந்தாலும் அவர் உழைப்பு முழுக்க இங்கே இருக்கிறது.

ஆனால் நான் ஒருத்தி உட்கார்ந்து போட்டால் எனக்குத் தெரிந்த பெயர்கள்தான் வரும். சோழவந்தான், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்று அவரவர் ஊரில் வேலை செய்து, அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஒருவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். அங்கே பிறந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சினிமாக்காரர்கள் வேண்டாம், அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல், என்ன செய்தார், எந்த வருடம், எந்தத் தெருவில் என்று தெளிவாக எழுதுங்கள். வந்ததை வைத்துப் பட்டியலை அடுத்த இதழில் தொடங்கலாம்.